கடற்பாசி தோல் புண்ணை ஆற்றுமா? ஆய்வுக்கூடம் சொல்வதும் கைபேசி சொல்வதும்

சென்னீர்குப்பத்தில் எங்கள் மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவனுக்கு ஏழு வயதிருக்கும். சென்ற கோடையில் அவனுடைய வாயோரத்திலும் முழங்காலிலும் புண்கள் வந்தன. தேன் வடிந்து உறைந்தது போல மஞ்சள் நிறப் பொருக்கு. ஒரு வாரத்தில் பக்கத்தில் உட்காரும் பையனுக்கும் அதே மாதிரி வந்தபோதுதான் நான் கவனித்தேன். தந்தையை அழைத்துக் கேட்டேன்.

"மருந்து போட்டுக்கிட்டுதான் இருக்கோம் ஹஜ்ரத்."

"என்ன மருந்து பாய்?"

கைபேசியை எடுத்துக் காட்டினார். கடற்பாசிச் சாறு தோலில் சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியாக்களைக் கொல்வதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பணத்தை வீணாக்காதீர்கள் என்று ஒரு செய்தி. அதை நம்பி, நோன்பில் மிச்சமிருந்த கடல்பாசிப் பாக்கெட்டைப் பிரித்து, சர்க்கரை போடாமல் காய்ச்சி ஆறவைத்து, நான்கு நாட்களாகப் பிள்ளையின் புண்ணில் தடவி வந்திருக்கிறார்கள். அன்று மாலையே டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினேன். பிறகு அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

நான் அறிவியல் படித்தவனல்ல. மதரஸாவில் ஓதி முடித்தபின் தபால் வழியில் பி.ஏ. வரலாறு எழுதியவன். ஆனால் படித்தவர்களிடம் கேட்கவும், கிடைத்ததைப் பொறுமையாக வாசிக்கவும் தெரியும். தேடியதில் தெரிந்தது இது: அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. கடற்பாசிகளின் சாறு சில கிருமிகளைத் தடுப்பது உண்மைதான். நம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பாசிகளை வைத்தே அப்படிப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வதற்கும், ஒரு தாய் தன் பிள்ளையின் புண்ணில் எதைத் தடவலாம் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

முதல் குழப்பம் பெயரில் தொடங்குகிறது. நம் வீடுகளில் 'கடல்பாசி' என்றால் இஃப்தாருக்குப் பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, உறைந்ததும் துண்டு போடும் பண்டம். கடையில் சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள். இதன் அறிவியல் பெயர் அகார். அது ஒரு பாசி அல்ல. சிலவகைச் சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுக்கும் கூழ்ப்பொருள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று மீனவர்கள் அழைக்கும் பாசிகளிலிருந்து இதை எடுக்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறித்து வருவார்கள். அது காய்ந்து மதுரை வட்டாரத்து அகார் ஆலைகளுக்குப் போகும். நம் தட்டில் நடுங்கும் அந்த இனிப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பலருக்குத் தெரியாது.

இந்த அகாருக்குக் கிருமியைக் கொல்லும் குணம் கிடையாது. சொல்லப்போனால் கதை நேர் எதிரானது. உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்ப்பதே இந்த அகாரின் மேல்தான்.

அந்த வரலாறு சுவையானது. 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மருத்துவர் நோய்க்கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். உறைந்த ஜெலட்டின் மீது வளர்த்தால் கோடையில் அது உருகிவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். அவரிடம் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஒரு யோசனை சொன்னார். தன் வீட்டு ஜெல்லி வெயிலிலும் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அகார் என்றார். ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுக் குடும்ப நண்பர் மூலம் அது அவருக்குத் தெரிய வந்திருந்தது. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் காக் வெளியிட்ட கட்டுரையில் அகார் இடம்பெற்றது; யோசனை சொன்ன பெண்மணியின் பெயர் இடம்பெறவில்லை. 1887-இல் பெட்ரி என்பவர் மூடியுள்ள தட்டை வடிவமைத்தார். அந்தப் பெட்ரி தட்டும் அகாரும்தான் இன்றுவரை கிருமி ஆய்வின் அடிப்படை. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அகாரைச் செரிக்க முடியாது, மனித உடல் சூட்டிலும் அது உருகாது என்பதே அதன் சிறப்பு.

ஆக, அந்தப் பையனின் புண்ணில் நான்கு நாள் தடவப்பட்டது மருந்தல்ல. கிருமிகளை உட்காரவைக்கும் பாய்.

அந்தப் புண்ணில் இருந்த கிருமிகள் எவை? தோலைத் தாக்கும் பாக்டீரியாக்களில் முதலிடம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதற்கு. நுண்ணோக்கியில் திராட்சைக் குலை போலத் தெரிவதால் 1880-களில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கிரேக்கச் சொல்லால் அப்படிப் பெயரிட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கினுள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இது குடியிருக்கும். சிராய்ப்போ, சொறிந்த இடமோ, வேர்க்குருவோ கிடைத்தால் உள்ளே புகும். கோடையில் வரும் வேனல்கட்டி, கண்ணிமையில் வரும் கட்டி, அறுவைக்காயத்தில் பிடிக்கும் சீழ் ஆகியவற்றில் பெரும்பங்கு இதற்கு உண்டு. அடுத்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். பிள்ளைகளுக்கு வரும் மஞ்சள் பொருக்குப் புண் இந்த இரண்டில் ஒன்றாலோ இரண்டும் சேர்ந்தோ வருவது. தீக்காயத்திலும் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலும் சூடோமோனாஸ் என்ற மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அது மருந்துக்கு எளிதில் மசியாதது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா இந்தியாவின் பாசி வளம் மிக்க கடல்களில் ஒன்று. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் பாசிகளைச் சென்னையின் தாவரவியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே பதிவு செய்தார். அந்தக் கரையில் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையும் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. இந்தியக் கடற்பாசிச் சாறுகளின் பாக்டீரியா எதிர்ப்பைப் பற்றி சீனிவாச ராவ், பரேக் ஆகியோர் 1981-இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். அதன்பிறகு நம் மாநிலக் கல்லூரிகளில் இது எம்.எஸ்சி., எம்.ஃபில். மாணவர்களின் வழக்கமான ஆய்வுத் தலைப்பாகவே ஆகிவிட்டது. மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ பாசி எடுப்பது எளிது, செலவும் குறைவு.

பாசிக்கு ஏன் இந்தக் குணம் வர வேண்டும்? கடல்நீர் ஒவ்வொரு துளியிலும் ஏராளமான பாக்டீரியாக்கள் உள்ளன. பாசிக்கு ஓடி ஒளிய வழியில்லை. வழவழப்பான தன் மேற்பரப்பில் கிருமியும் சிப்பியும் ஒட்டி மூடிவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது சில வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. சிவப்புப் பாசிகள் சிலவற்றில் கடல்நீரின் புரோமினைச் சேர்த்துக் கட்டிய பொருட்கள் உள்ளன. கட்டக்கோரை, பக்கோடாப் பாசி போன்ற பழுப்புப் பாசிகளில் ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. பச்சைப் பாசிகளில் சிலவகைக் கொழுப்பு அமிலங்கள். ஆஸ்திரேலியக் கடலில் டெலிசியா என்ற ஒரு சிவப்புப் பாசி இருக்கிறது. அது பாக்டீரியாவைக் கொல்வதைவிட, பாக்டீரியாக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞையைக் குழப்பிவிடுகிறது. ஒன்றுகூடித் தாக்க முடியாமல் அவை சிதறிப்போகின்றன. இதைப் படித்தபோது படைத்தவனின் ஏற்பாட்டை நினைத்துச் சற்று நேரம் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆய்வு நடப்பது இப்படி. பாசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, மெத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைப்பார்கள். பிறகு கரைப்பானை ஆவியாக்கினால் பிசின் போன்ற சாறு மிஞ்சும். அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வட்டக் காகிதத்தைச் சாற்றில் நனைத்து அதன்மேல் வைப்பார்கள். ஓர் இரவு கழித்துப் பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி ஆடை போலப் படர்ந்திருக்கும். சாற்றுக்கு வேலை செய்யும் திறன் இருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் வெற்று வளையம் தெரியும். அந்த வளையத்தின் விட்டத்தை அளந்து எழுதுவார்கள். ஆஸ்பத்திரி லேப்களில் எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பார்ப்பதும் இதே முறைதான். 1966-இல் பாவர், கிர்பி உள்ளிட்டோர் அதற்கு ஒழுங்கு வகுத்தார்கள்.

கைபேசிச் செய்தியின் 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்பது இந்த வளையம். வளையம் பொய்யல்ல. அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் கேள்வி.

முதலில் அளவைப் பாருங்கள். லேபில் ஜென்டாமைசின் மருந்துக்கான காகிதத்தில் இருப்பது 10 மைக்ரோகிராம். கடற்பாசிச் சாற்றை மில்லிகிராம் கணக்கில் வைப்பது சாதாரணம். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். அதாவது நூறு மடங்கு வைத்தும், கிடைக்கும் வளையம் பெரும்பாலும் மருந்தினுடையதைவிடச் சிறியது. சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருப்பதும் இதற்குக் காரணம். வேலை செய்வது எது என்று பிரித்தெடுத்தால் நிலைமை மாறலாம். ஜப்பானில் பழுப்புப் பாசி ஒன்றிலிருந்து பிரித்த ஃப்ளோரோடானின்கள் மருந்துக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸைக்கூடக் கொன்றதாக 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படிப்பட்ட வேலை நடக்க வேண்டும்தான். ஆனால் அது பிரித்தெடுத்த பொருள். பொடித்த பாசி அல்ல.

அடுத்து, தட்டில் இருப்பது கிருமி மட்டுமே. மனிதத் தோல் அங்கே இல்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைசலை வைத்தாலும் அருமையான வளையம் வரும்; அதற்காக அதைக் குழந்தையின் புண்ணில் ஊற்றுவோமா? கிருமியைத் தடுக்கும் அளவில் அந்தச் சாறு நம் தோல் செல்களை என்ன செய்யும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு விலங்குகளில், பிறகு மனிதர்களில்.

இன்னொன்றை வீட்டில் வைத்தியம் செய்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஒரே பாசி பறித்த மாதத்துக்கும் கடற்கரைக்கும் ஏற்பக் குணம் மாறும். தவிர, வேலை செய்யும் பொருட்களில் பல தண்ணீரில் இறங்குவதில்லை. மெத்தனால் போன்றவற்றில்தான் கரைகின்றன. எனவே பாசியை அடுப்பில் வைத்துக் கஷாயம் போட்டால் ஆய்வில் பேசப்பட்ட சாறு கிடைக்காது. மெத்தனாலோ கண்ணைப் பறிக்கும் நஞ்சு. வீட்டில் யாரும் அதைத் தொட்டுவிட வேண்டாம்.

வளையத்திலிருந்து மருந்துக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1928-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் ஓர் அகார் தட்டில் ஸ்டஃபிலோகாக்கஸை வளர்த்திருந்தார். அதில் விழுந்த பூஞ்சையைச் சுற்றிக் கிருமி அழிந்திருந்தது. அதுதான் பெனிசிலின். உலகின் மிகப் புகழ்பெற்ற அந்த வளையம், உடலுக்குள் ஊசியாகச் செலுத்தி உயிர்காக்க முயலும் நிலைக்கு வர 13 ஆண்டுகள் ஆயின. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அது கொடுக்கப்பட்டது. முகத்தில் தொடங்கிய தொற்று உடலெங்கும் பரவிச் சாகக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார். மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரிலிருந்துகூட மருந்தைத் திரும்பப் பிரித்துச் செலுத்திப் பார்த்தார்கள். மார்ச் 15-இல் அவர் இறந்தார். பெனிசிலினுக்கே பாதை இப்படி என்றால், கல்லூரி லேபில் பார்த்த ஒரு பாசியின் வளையத்தை மறுநாள் பிள்ளைக்குத் தடவுவது எப்படிச் சரியாகும்?

அதற்காக அந்த ஆய்வுகளை வீண் என்று நான் சொல்லவில்லை. பெனிசிலினைத் தாண்டிய ஸ்டஃபிலோகாக்கஸுக்காக 1959-இல் மெத்திசிலின் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், அதையும் தாங்கும் கிருமி பிரிட்டனில் தென்பட்டது. இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பெயரில் எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளையும் அது வதைக்கிறது. புதிய மருந்துகளுக்குக் கடலைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

கடற்பாசி உண்மையிலேயே நம் புண்ணைத் தொடும் இடம் ஒன்று உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அது கிருமியைக் கொல்லும் வேலைக்காக அல்ல. பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது. 1880-களில் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் கண்டெடுத்தது. நம் கடற்கரையில் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பறிக்கப்படுவதே இதற்காகத்தான். கால்சியம் ஆல்ஜினேட்டை மெல்லிய இழைகளாக்கிப் பஞ்சு போன்ற கட்டுத்துணி செய்கிறார்கள். நீர் வடியும் புண்ணில் வைத்தால், இழையின் கால்சியமும் புண்நீரின் சோடியமும் இடம் மாறி, கட்டு கூழாகிறது. நீரை உறிஞ்சிக்கொள்ளும், புண்ணைக் காயவிடாது, பிரிக்கும்போது புதுச் சதையைப் பிய்க்காது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். தொற்று இருந்தால் வெள்ளி கலந்த வகையும் உண்டு. காய்ந்த புண்ணுக்கு இது ஆகாது. எனவே எந்தப் புண்ணுக்கு எது என்று கட்டுப் போடுபவர்தான் சொல்ல வேண்டும். பல் அச்சு எடுக்க வாயில் வைக்கும் களிம்பும் இதே ஆல்ஜினேட்தான்.

ராமேஸ்வரம் போனவர்கள் கரையில் ஒதுங்கிய பாசியைப் பையில் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதை அரைத்துப் புண்ணில் பூசுவது ஆபத்து. கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இனங்கள் இருக்கின்றன. காயத்தின் வழியே புகுந்தால், குறிப்பாக ஈரல் நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு, உயிருக்கே உலை வைக்கும் வகைகளும் அதில் உண்டு. பாசி போலவே தோற்றமளிக்கும் சில கடல் நுண்ணுயிர்க் கற்றைகள் தோலில் பட்டாலே கொப்புளம் போடும். இணையத்தில் விற்கும் 'கடற்பாசி ஜெல்'களைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான தோலுக்கு ஈரப்பதம் தரும் அழகுப் பொருளாக இருந்துவிட்டுப் போகட்டும். சீழ் வைத்த புண்ணுக்கு அது மருந்தல்ல.

மார்க்கச் சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். கடல் உயிரினங்களில் எதை உண்ணலாம் என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பாசி மீனுமல்ல, பிராணியுமல்ல. எனவே அது அந்த வேறுபாட்டுக்குள் வராது. போதையோ தீங்கோ இல்லாதவரை ஆகுமானதே. எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஜெலட்டினுக்குப் பதிலாக நம் வீடுகளில் அகார் புழங்குவதும் அதனால்தான். சாறெடுக்கும் ஆல்கஹால் பற்றிய கேள்வி, அப்படி ஒரு மருந்து கடைக்கு வரும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டியது. தீங்கு தரும் என்று தெரிந்த ஒன்றை வைத்தியமென்று செய்வதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

பிள்ளைக்கு மஞ்சள் பொருக்குப் புண் வந்தால் என்ன செய்வது? சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, துண்டையும் தலையணை உறையையும் பிரித்து வைத்து, நகத்தை வெட்டிவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள். சிறிய புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் களிம்பே போதும். இரவில் அரிப்பு இருந்தால் அடியில் சிரங்கு இருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், ஒருவருக்கு மட்டும் பூசினால் திரும்ப வரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'எல்லாம் சேர்ந்த' களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு தொற்று பரவும். எங்கள் தெருவில் கடற்பாசியைவிட அதிகக் கெடுதல் செய்தது இந்தக் களிம்புதான். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைப் பிதுக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் என்றாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பலர் அறியாத ஒன்று இன்னும் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புண் வந்த பிள்ளைகளில் சிலருக்கு, சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் வீங்கும். அதற்குள் புண் ஆறியிருக்கும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார்கள். காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியிருப்பது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது அல்லது குறைவது ஆகியவை அதன் அடையாளம். அந்த டாக்டர் பையனின் தந்தையிடம் இதைச் சொல்லி அனுப்பியிருந்தார். களிம்பில் புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதற்குப் பின்னும் மாதக்கணக்கில், மக்தபுக்கு விட வரும்போதெல்லாம் வெளிச்சத்தில் நிறுத்தி மகனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்.